கீழே வை

கெஸ்துதிஸின் சட்டைப்பையில் ஒரு நோட்டு.
ஆட்டுக் கொழுப்பும் அயோடினும் அப்பிய அட்டை.
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் லித்துவேனியம்.
புட் என்றால் வை. டவுன் என்றால் கீழே.
சேர்த்தால் கீழே வை.
இதில் என்ன பெரிய வித்தை என்றுதான்
முதல் வாரம் நினைத்தான்.

பிறகு வினிஃப்ரெட் ராப்சன்
மருத்துவமனைப் பதிவேட்டில் அவன் பெயரைக் கீழே வைத்தாள்:
அது எழுதுவது.
பழைய கேரவனுக்கு அவன் நூறு பவுண்டு கீழே வைத்தான்:
அது முன்பணம்.
மதுக்கடையில் அவன் உச்சரிப்பைச் சொல்லிக்காட்டிச் சிரித்தவனிடம்
"ஆளைக் கீழே வைக்காதே, டக்கி" என்று அதட்டினாள்:
அது மட்டம்தட்டுவது.

(நாம் மட்டும் என்னவாம்.
மட்டம்தட்டும்போது நம் கையில் கொத்தனார் பலகையா இருக்கிறது?
பால் கெட்டுப் போகிறது,
எங்கே போகிறது?)

ஒன்றுக்கு ஒரு வரி என்று
பக்கத்தின் அடிவரை வந்துவிட்டான்.

மார்ச். செவியட் குன்றுகளில்
பனியாகவும் இல்லாமல் மழையாகவும் இல்லாமல் ஏதோ ஒன்று பெய்தது.
ஆடுகள் ஈனும் மாதம், யாருக்கும் தூக்கம் கிடையாது.
மேல்சரிவில் குவாட் பைக் புரண்டது.
ஓட்டிய கெஸ்துதிஸ் குதித்துவிட்டான்.
பின்னால் உட்கார்ந்திருந்த க்ளென் குதிக்கவில்லை.
உட்கார் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

ஒன்றரை மைல்.
கைகளில் நாயை ஏந்தி
மூன்று வேலிகளைத் தாண்டி வந்தான்.
வினிஃப்ரெட் பட்டிக் கதவருகே நின்றாள்.
ஈரச் சாக்குபோல் தொங்கிய பின்னங்கால்களைப் பார்த்தாள்.
விரலால் முதுகெலும்பைத் தடவினாள்,
ஓரிடத்தில் விரல் நின்றது.
"அவனைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்" என்றாள்.

தலையசைத்தான். நல்ல யோசனை.
அவன் கைகள் மரத்துப்போய்
வெகுநேரமாகியிருந்தது.
இடம் தேடினான்.
சிமென்ட் தரை குளிரும்.
செம்மறிகளுக்குப் பக்கத்தில் வேண்டாம், மிரளும்.
தாயில்லாக் குட்டிகளுக்கு எரியும் சிவப்பு விளக்கடியில்
வைக்கோல் உலர்ந்திருந்தது.
ஒரு கையை மாற்றி, ஒரு கையை உருவி,
மிச்சத்தைப் பல்லால் இழுத்து,
கோட்டைக் கழற்றி விரித்தான்.
முதலில் இடுப்பு. பிறகு விலா.
தலையைக் கடைசியாக,
வைக்கோல் பாரத்தை வாங்கிக்கொள்ளும்வரை
உள்ளங்கையை அடியிலேயே வைத்திருந்து.

"கீழே வைத்துவிட்டேன்."

நாற்பது வருடம் ஆடு மேய்த்தவள்.
எத்தனையோ பிராணிகளுக்கு
அந்த இரண்டு சொல்லையும் சொல்லியிருப்பாள்,
எதுவும் நாக்கில் ஒட்டியதில்லை.
வாயைத் திறந்தாள்.
மூடினாள்.
"ஆமாம். நன்றாக வைத்திருக்கிறாய்" என்றாள்.

அடுக்களை ஜன்னல் வழியே டெலிபோன் குரல் கேட்டது.
அதே இரண்டு சொல், நடுவில் நாயின் பெயர்,
அப்புறம்: "எவ்வளவு சீக்கிரம் வரமுடியும்?"
கெஸ்துதிஸ் மண்டியிட்டிருந்தான்.
கை இன்னும் தலைக்கு அடியில்.
ரோத்பரியிலிருந்து வேன் வந்தது.
இறங்கியவரிடம் கட்டுத்துணி எதுவும் இல்லை,
ஒரு சின்னப் பெட்டி மட்டும்.
முன்னங்காலில் கொஞ்சம் மயிர் மழித்தார்.
அவன் அவளைப் பார்த்தான்.
அவள் வைக்கோலைப் பார்த்தாள்.

(நாமும் இதை நேராகச் சொல்வதில்லை.
ஊசி போட்டாச்சு என்போம்.
எந்த ஊசி என்று கேட்டவர் உண்டா?)

அன்றிரவு கேரவனில் நோட்டைப் பிரித்தான்.
முன்பணத்துக்கும் மட்டம்தட்டலுக்கும் நடுவே
ஒரு வரிக்கு இடமிருந்தது.
பென்சிலைச் சீவினான்.
இன்னொரு முறை சீவினான்.

மறுநாள் காலை தீவன மூட்டையோடு அவன் நிற்க,
"அதை அங்கே..." என்று தொடங்கியவள் நிறுத்தி,
"இறக்கு" என்றாள்.
வாளியை "விடு" என்றாள்.
ஏணியை "சாத்து" என்றாள்.
அவனும் கவனித்தான், கேட்கவில்லை.
அந்தப் பண்ணையில் அதன்பின்
யாரும் எதையும் கீழே வைக்கவில்லை.

மே மாதம் ஒரு பார்சல் வந்தது.
கனம். தபால்காரன் புதிது, விஷயம் தெரியாது.
"எங்கே கீழே வைக்கட்டும்?" என்றான் சிரித்தபடி.

கொட்டகையிலிருந்து அவனும்
அடுக்களையிலிருந்து அவளும்
ஒரே நேரத்தில் கை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.